சிங்கப்பூரில் லப்டொப் வாங்கலாமா?

கேள்வி: நான் உவர்மலையில் வசிக்கும் ஓர் ஆசிரியை. மகளுக்குத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வருகிற விடுமுறையில் நானும் அவளும் பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் ஒரு கிழமை உறவினர் வீட்டில் நின்றுவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையிடம் போகிறோம். திரும்பி வருவது கட்டுநாயக்காவுக்கு. மகளுக்கு ஒரு லப்டொப் வாங்க வேண்டும். சென்னைதான் மலிவு என்கிறார் அண்ணர். சிங்கப்பூரில் வரியைத் திருப்பித் தருவார்கள், நானே முன்கூட்டி வாங்கி வைக்கிறேன் என்கிறார் தங்கையின் கணவர். அவருடைய அலுவலகத்தில் பாவித்த மெக்புக்குகளையும் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்களாம். பேசாமல் கொழும்பிலேயே வாங்கிவிடலாமா? கீபோட், பிளக் எல்லாம் இங்கே சரிவருமா? சுங்கத்தில் மறிப்பார்களா? அங்கேயே நல்லதொரு பையும் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

முதலில் மகளுக்கு வாழ்த்துகள். நீங்கள் கேட்டவற்றுக்குச் சுருக்கமான பதிலை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன். சென்னையில் வாங்க வேண்டாம். சிங்கப்பூரில் வாங்கலாம், ஆனால் தங்கையின் கணவர் முன்கூட்டி வாங்கி வைக்கக்கூடாது. பாவித்த மெக்புக்கைச் சோதிக்காமல் தொட வேண்டாம். கொழும்பு விலையைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளாமல் விமானம் ஏறவே வேண்டாம். இனிக் காரணங்களுக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் வாங்கிய லப்டொப் என்று எங்கள் திருத்தும் மேசைக்கு வருபவை மற்ற லப்டொப்புகளை விடக் கூடுதலாகப் பழுதாகிறவை அல்ல. பழுதான பிறகு போக இடமில்லாதவை. கொழும்பில் வாங்கியவர் பில்லைக் காட்டி விற்ற கடைக்கே அனுப்பிவிடுவார். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த மெஷினுக்கு அந்த வழி இல்லை. மதர்போர்ட் போனால் அதே மொடலுக்குரிய போர்ட் தேட வேண்டும். அந்த மொடலை இலங்கையில் யாரும் இறக்குமதி செய்திராவிட்டால், திரைக்கும் கீபோட்டுக்கும்கூட வெளிநாட்டுக்கு ஓடர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உங்கள் மகள் படிக்கப்போகும் வளாகம் இருப்பது கோணேசபுரியில். நிலாவெளிப் பக்கத்து உப்புக் காற்று சார்ஜர் குத்தும் துளையையும் யூஎஸ்பி துளைகளையும் மெல்ல மெல்ல அரிக்கும். துரு, ஈரம், தண்ணீர் இவற்றால் வருகிற பழுதை எந்த நாட்டுச் சாதாரண வொரண்டியும் ஏற்காது. ஆகவே அவளுடைய படிப்புக் காலத்துக்குள் ஒரு தடவையாவது அந்த மெஷின் திருத்த வரும் என்று எண்ணிக்கொண்டே வாங்குங்கள்.

அதனால் நான் சொல்லும் நிபந்தனை ஒன்றுதான்: எந்த நாட்டில் வாங்கினாலும், இலங்கையில் முகவர்கள் விற்கிற மொடலையே வாங்குங்கள். விலையைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

இதைச் செய்வது லேசு. பயணத்துக்கு முன் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் உள்ள இரண்டு மூன்று கடைகளுக்கு வட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். மொடலின் பெயர் மட்டும் போதாது, முழு மொடல் இலக்கத்தையும் கேளுங்கள். ஒரே பெயரில் வரும் லப்டொப்புகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். வெளியே ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். உள்ளே ஒன்றில் நினைவகம் (ரம்) போர்டோடு ஒட்டியிருக்கும், மற்றதில் கூட்டிப்போட இடமிருக்கும். ஒன்றின் திரை பளிச்சென்றும் மற்றதன் திரை மங்கலாகவும் இருக்கும். பின்னால் வரும் அந்த எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுதான் உண்மையைச் சொல்லும். விலை கேட்கும்போது வற் சேர்த்த விலையா, காசுக்கு எவ்வளவு, கார்டுக்கு எவ்வளவு, வொரண்டி ஒரு வருடமா மூன்று வருடமா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். சில கடைகளில் காசு விலையும் கார்ட் விலையும் வேறு வேறு. சில வங்கி கார்டுகளுக்கு வட்டியில்லாத தவணையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு அதுவும் ஒரு பெறுமதிதான்.

இப்போது வரியைப் பார்ப்போம், எல்லோரும் சறுக்குகிற இடம் அதுதான். 2024 ஜனவரி 1ஆம் திகதி இலங்கையில் வற் 18 வீதமானது. அதே நாளில் சிங்கப்பூரில் ஜிஎஸ்டி, அதாவது அங்குள்ள வற், 9 வீதமானது. இந்தியாவில் லப்டொப்புக்கு ஜிஎஸ்டி 18 வீதம். சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிக்கு அந்த 9 வீதத்தில் பெரும்பகுதியை விமான நிலையத்தில் திருப்பிக் கொடுக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிக்கு அப்படி ஒரு கவுண்டர் இல்லை. கட்டிய 18 வீதம் கட்டியதுதான். இந்திய ஒன்லைன் கடைகளின் திருவிழாத் தள்ளுபடிகளை அண்ணர் பார்த்திருப்பார். அவற்றில் பெரிய தள்ளுபடி பெரும்பாலும் இந்திய வங்கி கார்டுகளுக்கானது. உங்கள் கார்டுக்கு அந்த விலை வராது.

சென்னையை நான் விலக்குவதற்கு வரி மட்டும் காரணமல்ல. அண்ணா சாலைக்குப் பக்கத்து ரிச்சி தெருவை நான் குறை சொல்ல மாட்டேன். உதிரிப்பாகம் வாங்க அதைப்போல ஓர் இடம் கிடைப்பது கஷ்டம். நினைவகம், கேபிள், பழைய மொடல் விசிறி என்று எங்களைப் போன்ற தொழில்காரருக்கு அது திருவிழா. ஆனால் புது லப்டொப் வாங்க, அதுவும் ஒரு கிழமை நின்றுவிட்டு நாட்டைவிட்டே போகிற ஒருவர் வாங்க, அது ஏற்ற இடமல்ல. புதுப்பித்ததைப் புதிதென்று தள்ளிவிடும் கடையும் அங்கே உண்டு, நேர்மையான கடையும் உண்டு. வெளியூர்க்காரருக்கு வித்தியாசம் தெரியாது. இந்தியச் சந்தைக்கென்று வரும் மொடல்கள் பலவற்றுக்கு வொரண்டியும் இந்தியாவுக்குள் மட்டும்தான். வீட்டுக்கே வந்து திருத்தித் தருவோம் என்று விளம்பரத்தில் போடுவதெல்லாம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். போதாததற்கு, சென்னையில் வாங்கினால் அதைச் சிங்கப்பூர் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரியவும் வேண்டும்.

சரி, சிங்கப்பூர். தங்கையின் கணவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த வழியில் வரி திரும்பி வராது. அவர் அங்கே வசிப்பவர். வரி மீளளிப்பு சுற்றுலாப் பயணிக்கு மட்டுமே, அதுவும் வாங்கும்போதே அவருடைய கடவுச்சீட்டைக் கடையில் காட்டிப் பதிந்தால் மட்டுமே. ஆகவே நீங்கள் அங்கே போன பிறகு நீங்களே கடைக்குப் போய், உங்கள் கடவுச்சீட்டில் வாங்குங்கள். அவர் கூட வரட்டும், பேரம் பேசட்டும். இந்தத் திட்டத்தில் சேராத கடைகளும் உண்டு. விலை பேசத் தொடங்கும் முன்பே, வரி மீளளிப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டொலருக்கு) வாங்கியிருக்க வேண்டும். லப்டொப்புக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல. வாங்கி இரண்டு மாதத்துக்குள் பொருளோடு வெளியேற வேண்டும், வெளியேறுவதும் விமானத்தில்தான். தரைவழியாக மலேசியாவின் ஜொகூருக்குள் போய்விட்டால் இந்தக் காசு கிடையாது.

எவ்வளவு திரும்பும் என்று பலர் பிழையாகக் கணக்குப் போடுகிறார்கள். விலைச் சீட்டில் 1,000 வெள்ளி என்றால் 90 வெள்ளி கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். வரி அந்த 1,000க்குள்ளேயே இருக்கிறது. 1,000ஐ 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்கிப் பாருங்கள், 82 வெள்ளி சொச்சம் வரும். அதிலும் சேவைக் கட்டணம் கழியும். கொழும்பு விலையோடு ஒப்பிடும்போது இந்தக் கழிந்த தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

சாங்கி விமான நிலையத்தில் அதற்கென்று சுயசேவை இயந்திரங்கள் இருக்கின்றன. கடவுச்சீட்டை வைத்தால் நீங்கள் வாங்கியது திரையில் வரும். சுங்க மேசைக்குப் போய்ப் பொருளைக் காட்டு என்று அது சொன்னால் காட்ட வேண்டும். லப்டொப் கைப்பையில் இருந்தால், குடிவரவைத் தாண்டி உள்ளே போன பிறகும் அங்குள்ள இயந்திரத்தில் இதைச் செய்யலாம். பெரிய பெட்டிக்குள் போட்டு ஏற்கனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் காட்டுவதற்குப் பொருள் இருக்காது. லப்டொப்பை எப்படியும் கையில்தான் கொண்டுபோக வேண்டும், அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். விமான நிலையத்துக்கு வழமையை விட ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள். விடுமுறைக் காலத்தில் அந்த இயந்திரங்களுக்கு முன்னால் நல்ல வரிசை நிற்கும்.

எந்தக் கடை? பெயருள்ள சங்கிலிக் கடைகள் அல்லது அந்தந்த கொம்பனியின் சொந்தக் கடைகள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. சிம் லிம் ஸ்குவேர் என்ற மின்னணுக் கடைத்தொகுதி பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014 நவம்பரில் அங்கே ஒரு கடையில் வியட்நாம் சுற்றுலாப் பயணி ஒருவர் 950 வெள்ளி கொடுத்து ஐபோன் ஒன்று வாங்கினார். காசு கொடுத்த பிறகு, வொரண்டிக்கென்று இன்னும் 1,500 வெள்ளி கட்டினால்தான் போன் தருவோம் என்றார்கள். அவர் கடையிலேயே மண்டியிட்டு அழுத காணொளி உலகம் முழுக்கப் போனது. அந்தக் கடைக்காரர் அடுத்த வருடம் 33 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தக் கட்டடத்தில் ஒழுங்கான கடைகளும் இருக்கின்றன, இப்போது நிலைமையும் மாறியிருக்கிறது. இருந்தாலும் அந்தச் சம்பவத்தில் இன்றைக்கும் பயன்படும் ஒரு விஷயம் உண்டு. காசு கொடுத்த பிறகு நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மொத்த விலை, வொரண்டி விபரம், முழு மொடல் இலக்கம் எல்லாம் பில்லில் வந்த பிறகே கார்டை நீட்டுங்கள்.

கார்டை நீட்டும்போது இன்னுமொன்று. அந்தச் சின்ன மெஷின் சிங்கப்பூர் வெள்ளியில் கழிக்கவா, இலங்கை ரூபாவில் கழிக்கவா என்று கேட்கும். ரூபாவில் தொகையைப் பார்க்க மனதுக்கு ஆறுதலாக இருக்கும். அழுத்த வேண்டாம். அந்த மாற்று வீதத்தைத் தீர்மானிப்பது உங்கள் வங்கி அல்ல, அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டமாகவே இருக்கும். வெள்ளியிலேயே கழிக்கச் சொல்லுங்கள். உங்கள் வங்கி வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு எவ்வளவு கட்டணம் எடுக்கிறது என்பதைப் புறப்படும் முன் கேட்டு அதையும் கணக்கில் சேருங்கள். கார்ட் வெளிநாட்டில் வேலை செய்ய முன்கூட்டியே திறந்துவிட வேண்டியிருந்தால் அதையும் இங்கேயே முடியுங்கள்.

வொரண்டியைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேண்டும். சர்வதேச வொரண்டி என்று கடைக்காரர் வாயால் சொல்வதற்குப் பெறுமதி இல்லை. ஏசர் லப்டொப்புகளுக்குப் பயணிகளுக்கான சர்வதேச வொரண்டி என்று ஒன்று உண்டு. லெனோவோவில் திங்க்பேட் போன்ற வரிசைகளுக்கு அப்படியான சேவை இருக்கிறது, மலிவான வரிசைகளில் எல்லாவற்றுக்கும் இல்லை. டெல்லில், வாங்கிய மெஷினை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று இணையத்தில் பதிந்து நாட்டை மாற்றக் கேட்கலாம். எச்பியும் அசூஸும் மொடலுக்கு மொடல் வேறுபடும். அப்பிள் தன் மெக்குகளுக்கு ஒரு வருட வொரண்டி தருகிறது. ஆனால் இலங்கையில் அப்பிளின் சொந்தக் கடை இல்லை, அங்கீகாரம் பெற்ற சேவை நிலையங்கள்தான். கடையில் பெட்டியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் தொடர் இலக்கத்தை மகளின் போனில் அந்தக் கொம்பனியின் வொரண்டிப் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். எந்த நாட்டுக்கான மெஷின், வொரண்டி எப்போது தொடங்கியது என்றெல்லாம் அதில் வரும். இன்றைக்குப் பெட்டி உடைக்கிற மெஷினுக்கு வொரண்டி ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் வெளியே வாருங்கள்.

இத்தனை பார்த்த பிறகும் கொழும்பு விலைக்கும் சிங்கப்பூர் விலைக்கும் இடையில் 10, 15 வீதத்துக்குக் குறைவான வித்தியாசம்தான் வருகிறதென்றால் கொழும்பிலேயே வாங்குங்கள். இது என் சொந்தக் கணக்கு, இன்னொரு திருத்துனர் வேறு எண் சொல்லலாம். ஒரு தடவை வொரண்டி இல்லாமல் மதர்போர்ட் மாற்றினாலே அந்த 10 வீதம் போய்விடும். கொழும்பில் வாங்கிய மெஷின் என்றால் இரவு ரயிலில் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டாலும் கடைக்குப் போய்ச் சேரும்.

மெக்புக் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகங்கள் விற்கும் பழைய மெஷின்களில் நல்லவை கிடைக்கும், உண்மை. ஆனால் பெரிய கொம்பனிகள் தங்கள் மெக்குகளைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் பதிவில் சேர்த்து வைத்திருக்கும். விற்கும்போது அந்தப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். நீக்க மறந்துவிட்டால், நாளைக்கு மகள் அதை முழுதாக அழித்து மறுபடி தொடக்கி இன்ரநெற்றில் இணைத்த உடனே, இந்த மெஷின் இன்ன கொம்பனிக்குச் சொந்தம் என்று திரையில் வந்து நிற்கும். நாங்கள் திருகோணமலையில் இருந்துகொண்டு அதை எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம். ஆகவே தங்கையின் கணவரிடம் சொல்லுங்கள்: காசு கொடுக்கும் முன், மெஷினை முழுதாக அழித்து, வைஃபையில் இணைத்து, புது ஆளாகத் தொடக்கிப் பார்க்க வேண்டும். முந்தைய பாவனையாளரின் அப்பிள் கணக்குப் பூட்டு விழுந்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். பற்றரி எத்தனை தடவை நிரம்பி வடிந்தது என்ற எண்ணை மெக் தானே காட்டும், அதையும் பாருங்கள். இன்டெல் சிப் உள்ள மெக் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். அப்பிள் 2020 நவம்பரில் சொந்த எம்1 சிப்புக்கு மாறத் தொடங்கியது. இன்டெல் மெக்குகளுக்கான இயங்குதளப் புதுப்பிப்பை 26ஆம் பதிப்போடு நிறுத்துவதாகவும் அறிவித்துவிட்டது.

பாவித்த விண்டோஸ் மெஷின் கொடுத்தாலும் இதே கதைதான். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதற்கு முந்தியதை மலிவென்று வாங்கி வந்துவிட்டு எங்களிடம் விண்டோஸ் 11 போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குறுக்குவழியில் போடலாம்தான், கணினி படிக்கப்போகிற பிள்ளைக்கு அதை நான் கொடுக்க மாட்டேன்.

மகளுக்கு எது போதும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 16 ஜிபி நினைவகம். 8 ஜிபி மெஷினை எடுத்தால் இரண்டாம் வருடத்தில் எங்களிடம்தான் வருவீர்கள், அதுவும் போர்டோடு ஒட்டிய நினைவகம் என்றால் வந்தும் பயனில்லை. 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம். ஐ5 அல்லது ரைசன் 5 தரத்தில், இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்த சிப். திரை 14 அங்குலம், நாளாந்தம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிற பொருள். விளையாட்டுக்கென்று விற்கும் பாரமான மெஷின் வேண்டாம். நான் அழுத்திச் சொல்வது ஒன்று: டைப் சி வழியாகச் சார்ஜ் ஏறும் துளை இரண்டு இருக்கிற மெஷினாகப் பாருங்கள். உப்புக் காற்றில் ஒன்று போனாலும் மற்றதில் ஓடும். கடைகளில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக 64 ஜிபி ஈஎம்எம்சி என்ற சின்னச் சேமிப்பகத்தோடு மிக மலிவாக வைத்திருப்பார்கள், விண்டோஸ் புதுப்பிப்பு இரண்டு வந்தாலே அதில் இடமிருக்காது.

கீபோட் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூரில் விற்பது அமெரிக்க முறைக் கீபோட், இங்கே நாம் பாவிப்பதும் அதுதான். துபாய், பாங்கொக், டோக்கியோ என்றால் அரபி, தாய், ஜப்பானிய எழுத்துகள் பதிந்த கீபோட்டைப் பற்றி எச்சரித்திருப்பேன். தமிழ் அடிப்பதற்கும் வாங்கும் நாட்டுக்கும் சம்பந்தமில்லை. பாடசாலைப் பரீட்சைத் தாள் அடிக்க உங்களுக்கு வேண்டிய பாமினி எழுத்துருவும் சரி, மகளுக்கு வேண்டிய யுனிகோட் விசைப்பலகையும் சரி, இங்கே வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் ஹோம் ஒற்றை மொழிப் பதிப்பு என்று சில மெஷின்களில் வரும். அதில் திரையில் காட்டும் மொழியைத்தான் மாற்ற முடியாது, தமிழ் தட்டச்சுக்குத் தடையில்லை. பெட்டியில் டொஸ் என்று போட்டிருந்தால் மட்டும் கவனம். அதில் விண்டோஸே இல்லை, அதனால்தான் விலை குறைவு.

பிளக்கும் அப்படியே. சிங்கப்பூரில் இருப்பது சதுரமான மூன்று பின், 13 அம்பியர். நம் புது வீடுகளில் போடுவதும் அதே. உவர்மலையில் பழைய வீடு என்றால் சுவரில் உருண்டைப் பின் சொக்கெட்டும் இருக்கும். அதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று விற்கிற இறுக்கமில்லாத அடப்டரைக் குத்த வேண்டாம், சூடேறும். சார்ஜர் கட்டைக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் வயரைக் கழற்ற முடிகிற வகை என்றால், அந்த வயரை மட்டும் இங்கே வாங்கி மாற்றினால் போதும். மின்னழுத்தம் பிரச்சினையே இல்லை, சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும். ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் உலோக உடம்புள்ள லப்டொப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் விரலில் சுணைக்கும். அதற்கு லப்டொப்பைக் குறை சொல்லாமல் ஒரு எலெக்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் நேரம் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடவும் மகளைப் பழக்குங்கள். அந்த மாதங்களில் எங்கள் மேசை நிரம்பிவிடும்.

வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம். சிங்கப்பூருக்குப் போய் முதல் இரண்டு நாளுக்குள் வாங்குங்கள், பழுதென்றால் கொண்டுபோய் மாற்ற நாள் இருக்கும். கடையிலேயே பெட்டியை உடைத்து, பெட்டியில் இருக்கும் தொடர் இலக்கமும் மெஷினின் அடியில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். தொடக்கி, நினைவகமும் எஸ்எஸ்டியும் சொன்ன அளவா என்று மகள் பார்க்கட்டும். திரை முழுக்க வெள்ளையும் பிறகு கறுப்பும் வைத்துப் புள்ளி ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லா விசையும் ஒரு தடவை அடித்து, கமராவும் மைக்கும் பார்த்துவிட்டு எழும்புங்கள். அப்புறம் தங்கை வீட்டில் ஒரு முழு நாள் ஓடவிடுங்கள்.

கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும் என்றேன். பற்றரியால்தான் அப்படி. லிதியம் பற்றரி 100 வோட் மணிக்குள் (Wh) என்றால் கேள்வியில்லாமல் கையில் கொண்டுபோகலாம், சாதாரண லப்டொப்புகள் எல்லாம் அதற்குள்தான். பவர்பாங்கைப் பெரிய பெட்டிக்குள் போடவே கூடாது. லப்டொப் வந்த அட்டைப் பெட்டி இடத்தை அடைக்கும். மடித்துப் பெட்டிக்குள் வையுங்கள், முடியாவிட்டால் தொடர் இலக்கம் ஒட்டிய பக்கத்தை மட்டுமாவது வெட்டி வைத்திருங்கள்.

சுங்கத்தைப் பற்றி. வெளிநாட்டில் எத்தனை நாள் நின்றீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய பெறுமதி தீர்மானிக்கப்படுகிறது. அந்தத் தொகைகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், புறப்படும் கிழமையில் இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். உங்களைப் போல் குறுகிய பயணம் போகிறவருக்கு அந்த எல்லை பெரிதாக இருக்காது. படிக்கும் பிள்ளையின் கையில் ஒரு லப்டொப் என்பது ஒன்று, சீல் உடைக்காத இரண்டு பெட்டி என்பது வேறொன்று. தங்கை இன்னொருவருக்கும் ஒன்று கொண்டுபோகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெட்டியை உடைத்துவிட்டால் வரி இல்லை என்பது ஊர்க் கதை. சந்தேகம் என்றால், பொருள் அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியால் போய் பில்லைக் காட்டிக் கேளுங்கள், கட்டச் சொன்னால் கட்டுங்கள். விலையைக் குறைத்து இன்னொரு பில் எழுதித் தரவா என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுங்கத்துக்குப் பொய் சொல்வது ஒருபுறம் இருக்க, சாங்கியில் வரி திரும்புவதும் பிறகு வொரண்டி கேட்பதும் அந்தப் பில்லை வைத்துத்தான்.

பையை அங்கே வாங்க வேண்டாம். இங்கே பிரதான வீதியிலேயே நல்லது கிடைக்கும். உள்ளே பஞ்சு வைத்ததா, ஸிப் நல்ல தடிப்பா, மழைக்கு மேலே போடும் உறை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மார்கழி மழையில் நிலாவெளி பஸ்ஸுக்கு நிற்கும்போது அது வேண்டியிருக்கும். கடையில் மெஷினைத் தெரிவு செய்த பிறகு, காசு கொடுக்கும் முன், மொடல் இலக்கம் இருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்து எங்களைப் போன்ற ஒரு திருத்துனருக்கு அனுப்பி, இதற்கு இங்கே திரையும் கீபோட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் வர அதிக நேரம் எடுக்காது.